படி என்றால் மாடிப்படி

...இதுவும் ஆகாது, படியின் நட்டநடுவில் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகக் காது குடைகிறான், எழுந்து போவான் என்று பார்த்தால் இப்போதுதான் அடுத்த காதுக்கு மாறியிருக்கிறான், போகட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே மேம்பாலத்துப் படியில் உட்கார்ந்து காது குடைய அவனுக்கு உரிமை இல்லையா, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற நமக்குத்தான் கிறுக்கு என்று அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மத்தியானம் வரை கண்ணாடிக் கடையில் நின்று, வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, மேல் வரி படிங்க, அடுத்த வரி படிங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, குத்துமதிப்பாச் சொல்லாதீங்க... தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடையைப் பூட்டியதும் நேரே வீட்டுக்குப் போய்க் காலை நீட்டியிருக்கலாம். யார் கேட்டார்கள் இந்தப் படியை?

வாத்தியார்தான் கேட்டார். அவர் பாடம் நடத்துகிற வாத்தியார் இல்லை, டயர் கடைக்காரர், செல்போனில் இருக்கிற புகைப்படக் குழுவை மிரட்டி உருட்டி நடத்துவதால் அந்தப் பெயர். திங்கட்கிழமை ஒரு வார்த்தை கொடுப்பார், ஞாயிறு இருட்டுவதற்குள் ஆளுக்கொரு படம் போட வேண்டும், உள்ளூரோ வெளியூரோ, அந்த வாரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். போன வாரம் ‘கயிறு’, அதற்கு முந்தி ‘ஈரம்’, இந்த வாரம் ‘படி’. நாள் முழுக்கப் படிங்க படிங்க என்று கத்துகிற வாய்க்கு வேறு என்ன தோன்றும்? கடைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை, பெரிய எழுத்திலிருந்து எறும்பு எழுத்து வரை, அழகாக எடுத்துப் போட்டுவிட்டாள். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ஏம்மா, படின்னா மாடிப்படிம்மா, மொதல்ல உன் கண்ணை டெஸ்ட் பண்ணு, இது செல்லாது, வேற போடு என்று வாத்தியார் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினார். அதே குழுவில் இருக்கிற இவள் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. பார்த்தாளா என்பதே தெரியவில்லை. கயிறுக்கும் அவள் படம் போடவில்லை, ஈரத்துக்கும் போடவில்லை, தொடர்ந்து மூன்று வாரம் போடாதவர்களை வாத்தியார் தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கிவிடுவார், அந்த மூன்றாவது வாரம் இன்றைக்கு முடிகிறது.

தூக்கினால் தூக்கட்டுமே, குழுதானே என்று யாராவது சொல்லக்கூடும்... சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும், அக்காவும் தங்கையும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் இந்தக் குழு ஒன்றில்தான் ஒருத்தி உயிரோடு இருப்பது இன்னொருத்திக்குத் தெரிகிறது. தங்கைக்குத் தையல் மெஷின் கம்பெனியில் வேலை, ஊர் ஊராகப் போய் ஓட்டிக் காட்ட வேண்டும், எங்கே போனாலும் அங்கிருந்து ஒரு படம் வரும். மற்றவர்கள் வெளிச்சம் பிரமாதம், கோணம் பிரமாதம் என்பார்கள். இவள் படத்தை விரலால் விரித்து விரித்து ஓரங்களைப் பார்ப்பாள், லாட்ஜ் மேசையில் மாத்திரை அட்டை இருக்கிறதே, எதற்கு, தலைவலியா, கண்ணாடியில் தெரிகிற கை ஏன் இப்படி இளைத்திருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, இல்லை, பன்னைக் கடித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறாளா? காலையில் மனசு கேட்காமல் வாத்தியாருக்குப் போன் போட்டாள். அண்ணே, இந்த மூணு வாரக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா? யாருக்காகம்மா கேக்கறே? யாருக்காகவும் இல்லண்ணே, சும்மா பொதுவாத்தான். பொதுவாவா, பொதுவா யாரும்மா ஞாயித்துக்கிழமை காலங்காத்தால போன் பண்றாங்க என்று அவர் சிரித்தார். என் கூடப்பிறந்தவளுக்காக என்று சொல்ல நாக்கு எழவில்லை, அவர்கள் அக்கா தங்கை என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

அப்படி என்ன பெரிய சண்டை? சண்டையே இல்லையே... புருஷனோடு ஒத்துவரவில்லை என்று தங்கை பெட்டியோடு வந்து நின்றாள், தனிக்கட்டையாகக் கிடந்த வீட்டுக்குப் பேச்சுத்துணை வந்ததே என்று இவளுக்கு உள்ளுக்குள் குதியாட்டம்தான். நீயும் படம் எடுக்கா, கடை விட்டா வீடு, வீடு விட்டா கடைன்னு கிடக்காதே என்று குழுவில் சேர்த்துவிட்டதே அவள்தான். அவளோடு நாலு இடம் சுற்றலாம் என்று முதலாளியிடம் லீவு கேட்டால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அந்த மனுஷன் கறாராகக் கேட்டார். அதை மனசில் வைத்துக்கொண்டு இவள், சிங்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆமா, நீ எப்ப கிளம்பறே என்று கேட்டாள். அவ்வளவுதான். நாளைக்குக்கா என்றாள் தங்கை. சொன்னபடியே விடிந்ததும் போய்விட்டாள். லீவு விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாமே? சொல்லலாம், ஆனால் கோபம் வந்ததே, நான் போகச் சொல்லுவேன் என்று நீ எப்படி நினைக்கலாம் என்று பொத்துக்கொண்டு வந்ததே... அந்தக் கோபம் எப்போது ஆறியது என்று ஞாபகம் இல்லை, ஆறிய பிறகு பேச வெட்கமாகிவிட்டது.

காதுக்காரன் எழுந்திருக்கிற வழியாக இல்லை. சரி, நீயும் இருந்துட்டுப் போ என்று அவனையும் சேர்த்தே எடுத்தாள், கை ஆடிவிட்டது, ஆடினால் ஆடட்டும், படி தெரிகிறதல்லவா, அனுப்பியாயிற்று. பஸ்ஸில் உட்கார இடமில்லை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வெளியே வெளிச்சம் மங்குவதையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள், இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இருட்டிவிடும், வாத்தியார் சொன்னால் சொன்னதுதான், அதற்கப்புறம் எந்த ஊரில் எந்த அறையில் இருக்கிறாள் என்று யாரைப் போய்க் கேட்பது... அப்போது போன் அதிர்ந்தது. தங்கைதான். அப்பாடா, போட்டுவிட்டாள், இன்னும் மூன்று வாரத்துக்குக் கவலையில்லை, எந்த ஊர்ப் படி என்று வழக்கம்போல விரித்தாள். சாதாரண மாடிப்படிதான், மேலிருந்து கீழே பார்த்து எடுத்தது, பச்சைச் சுவர், உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த ஒரு பட்டை, திருப்பத்தில் யாரோ காயவைத்த குடை... யாரோ என்ன யாரோ, அது கீழ்வீட்டு அம்மாளின் கம்பி ஒடிந்த குடை! ஐயோ, இது என் வீட்டுப் படி. என் வாசலில் உட்கார்ந்தால் இப்படித்தான் தெரியும்.

எப்போது வந்தாள்? பெட்டியோடா, சும்மாவா? படத்தில் ஜன்னல் வழியாக நல்ல வெயில் கடைசிப் படி வரை அடிக்கிறது, அப்படியானால் எடுத்து வெகுநேரமாயிற்று, கடை விட்டு நேரே போயிருந்தால் வாசலிலேயே பார்த்திருக்கலாம், பாவி, ஊரான் வீட்டுப் படியை எல்லாம் தேடிக்கொண்டு நின்றேனே... எடுத்தவள் உடனே ஏன் போடவில்லை, போய்விட்டு வழியில் போட்டாளா, காத்திருந்து அலுத்துப் போட்டாளா? தங்கைக்குப் போன் போட்டாள், அடித்து அடித்து ஓய்ந்தது. வாத்தியார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார், யாரோ கோணம் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, அத்தனை பேரும் பார்க்கிற இடம் என்ற நினைப்பே இல்லாமல், ‘இரு’ என்று அடித்தாள், வந்துகொண்டிருக்கிறேன் என்று அடிப்பதற்குள் பஸ் குலுங்கி அந்த ஒரு வார்த்தை மட்டும் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குப் பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி இதை மட்டும் சொல்லியிருந்தால் போதுமே என்று இப்போதுதான் உறைத்தது. என்னம்மா, யாரை இருக்கச் சொல்றே என்று வாத்தியார் கேட்டிருந்தார். பஸ் நகரவில்லை, படியில் ஆள் தொங்குது, உள்ள தள்ளுங்க உள்ள தள்ளுங்க என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.