அஞ்சிய குதிகால்கள்

மழை ஓய்ந்த முற்பகல். மலைச்சரிவினின்று இறங்கிய மென்பனி நகரத்துக் கூரைகளைத் தடவி, ஈரக் கற்கள் பாவிய தெருக்களில் தவழ்ந்து, ஊர்க்கோடியில் அகன்று கிடந்த புரவிக்கொட்டிலின் வேலியில் வந்து தங்கியிருந்தது. நனைந்த வைக்கோலின் மணமும், சேணத்தோலுக்குப் பூசிய எண்ணெயின் நெடியும், பன்னிரு புரவிகளின் வெம்மூச்சும் கலந்து நிற்க, அவ்விடம் அமைதியே குடிகொண்டதுபோல் தோன்றிற்று. ஆயினும், அன்புச் செல்வங்களே, அங்கே ஒருத்தியின் நெஞ்சு மட்டும் கொல்லன் சம்மட்டிபோல் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் கொட்டிலுக்குரியவனின் தமக்கை. பதினைந்து ஆண்டுகள் புரவி பழக்கியவள். மூன்று திங்களுக்கு முன் சாம்பலி என்னும் பெண்புரவி தறிகெட்டோட, மண்ணில் வீழ்ந்து காறையெலும்பு முறிந்தவள். "அதுக்கு வெறி புடிச்சிருச்சு" என்று அன்று அவள் சொன்னதை நம்பிய தம்பி, அதனைக் கல்லுடைக்கும் இடத்துக்குப் பொதி சுமக்க அனுப்பத் துணிந்துவிட்டான். ஏற்றிச்செல்லும் வண்டி இதோ வாயிலில் நிற்கிறது.

உண்மை அவள் ஒருத்திக்கே தெரியும். அன்று புதரினின்று பறவையொன்று படபடத்தெழ, அஞ்சிய அவள் விழாதிருக்கும் பொருட்டுக் குதிகால்களால் விலாவை இறுக்கினாள். இறுக்கினால் ஓடவேண்டும் என்று சாம்பலிக்குக் கற்பித்தவளும் அவளே. அது வெறிகொண்டு ஓடவில்லை, சொன்னபடி ஓடிற்று. கைதேர்ந்தவள் செய்யத்தகாத அப்பிழையைச் சொல்ல நாணி, அவள் வாய்மூடிக் கிடந்தாள்.

"தம்பி, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சுத்து ஏறிப் பாத்துடறேன்."

"எலும்பு ஒட்டி எத்தன நாளாச்சு, அக்கா? மறுபடியும் உன்னத் தூக்கிட்டு ஓட என்னால முடியாது."

அருகே குளம்புக்கு இலாடம் அறைந்துகொண்டிருந்தவர் சுத்தியலைத் தாழ்த்திச் சிரித்தார். "விடுங்க தம்பி. அக்கா விழுந்தா அக்காவுக்கென்ன, மண்ணுக்குத்தான் வலிக்கும்."

"நீங்க வேற அண்ணே! எனக்கே கை உதறுது," என்றாள் அவள்.

உதறத்தான் செய்தது. அந்தக் கையாலேயே அவள் சாம்பலியின் முன்காலைத் தூக்கிக் குளம்பின் சேற்றை வழித்தாள். புரவியோ எஞ்சிய மூன்று கால்களில் தன் பெரும்பாரத்தை மெல்லப் பகிர்ந்து, அவள் தோளில் ஒரு துளியும் சாய்க்காமல் நின்றது. நான்கு குளம்புகளும் தூய்மையாவதற்குள் அவள் மூச்சு அதன் மூச்சோடு ஒருவாறு ஒத்துவந்தது. அச்சம் போகவில்லை. அதனோடே ஏறி அமர்ந்தாள்.

பாதிச் சுற்றுக் கடந்திருப்பாள். வண்டியின் பின்பலகை இடிபோல் வீழ்ந்தது. சாம்பலி துள்ளிற்று. வானும் மண்ணும் இடம்மாறுவதுபோல் தோன்ற, முறிந்து ஒட்டிய எலும்பு விழுமுன்னரே வலிக்க, அவள் குதிகால்கள் விலாவை நோக்கித் தாமே விரைந்தன. ஒரு விரற்கடை இருக்கையில் அவற்றை நிறுத்தினாள். பற்றுக்கோடின்றி வீழ்வோம் என்று உடலெல்லாம் அலற, கால்களை நனைந்த துணிபோல் தொங்கவிட்டு, அடைத்த மூச்சை நீள வெளிவிட்டாள். ஐந்தாறு அடி பாய்ந்த சாம்பலி, கட்டளையேதும் வாராமை கண்டு நடையாகி, நின்று, காதுகளை அவள்பால் திருப்பிற்று.

"தப்பு இதுமேல இல்லடா," என்றாள் தம்பியிடம். "அன்னைக்கு நான்தான் பயத்துல குதிகாலால அழுத்தினேன். ஓடுன்னு சொன்னேன், ஓடுச்சு. உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

தம்பி அருகே வந்து சாம்பலியின் கடிவாளத்தைப் பற்றினான். "மூணு மாசமா இத மென்னு முழுங்கிட்டா இருந்த?" என்றவன், வாயிலில் நின்ற வண்டிக்காரரை நோக்கிக் குரல் கொடுத்தான்: "அண்ணே, வண்டியத் திருப்பிக்குங்க. இங்க ஏத்துறதுக்கு ஒண்ணுமில்ல."

இறங்கியபின்னும் அவள் கால்கள் நடுங்கின; மறுநாளும் நடுங்கின; அஞ்சாதவளாய் அவள் என்றுமே ஆகவில்லை. ஆனால் தன் நடுக்கத்தைத் தானே சுமக்கக் கற்றாள். வாயில்லா உயிரொன்று நம்மைத் தாங்கும். நம் அச்சத்தையும் அதன் குற்றமாக்கி அதன் முதுகிலேயே ஏற்றாதிருப்பதே, செல்வங்களே, ஏறி அமர்வோர்க்கு உரிய நேர்மை.