பழைய முதலாளியின் சீட்டு

முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. முதலாளி குமாரவேலிடம் நானும் என் மகள் ஏலவார்குழலியும் வைத்திருந்த முன்பணப் பாக்கி அது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை நான் நெய்வேன், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் கோத்த நாடாவை அவள் எறிவாள். முன்பணமும் எங்கள் இரண்டு பேரை நம்பிக் கொடுத்ததுதான்.

1970-இல் அவளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. கணக்குப் படிக்க இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளமும் உண்டு. விடியலில் தறி, பகலில் உள்ளூர்க் கல்லூரி, சாயங்காலம் மறுபடியும் தறி என்று பி.எஸ்ஸி. முடித்தவள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் கூட்டம், பெற்றோரும் வரலாம் என்று கடிதம் வந்தது.

முதலாளியிடம் சொல்லாமலே புறப்பட்டோம். வழியெல்லாம் அது என்னை அரித்தது. பாக்கியுள்ள ஆள் வேறு முதலாளியிடம் போனால், புது முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டிப் பழையவரிடம் பாக்கி தீர்ந்தது என்று சீட்டு வாங்க வேண்டும். அதன் பிறகுதான் ஆளைத் தறியில் உட்கார வைப்பார். எங்கள் நெசவில் அப்படித்தான். சீட்டு இல்லாமல் போனவனைப் பஞ்சாயத்து வைத்துத் திருப்பி அழைத்து வருவார்கள். குழலியை வகுப்பிலிருந்து அப்படி அழைத்து வந்துவிட்டால்?

பஸ் வாலாஜாபாத் தாண்டியதும், "இன்னாப்பா, பேசாமலே வந்துக்கினு இருக்கே?" என்றாள்.

"ஒண்ணுமில்லமா. சேலை நல்லாருக்குது உனக்கு."

"நூல் சேலைதானேப்பா. நாம நெய்யறத நாம எங்க கட்டறோம்?"

கூட்டம் நடந்த மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கனகமாலா என்ற பேராசிரியை ஒரு மணி நேரம் கையில் காகிதமில்லாமல் பேசினார். வகுப்பு, விடுதி, பரீட்சை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நூலகத்தில் எந்தப் புத்தகத்தையும் யார் சிபாரிசும் இல்லாமல் எடுத்துப் படிக்கலாமாம். இப்படியும் ஓர் இடம் இருக்கிறதே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில், பெற்றோர் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். ஒருவர் விடுதிச் சாப்பாட்டைக் கேட்டார். இன்னொருவர் கொசுவலையைக் கேட்டார். நானும் எழுந்தேன்.

"அம்மா, எம் பொண்ணு மேல பழைய முதலாளிக்கு முந்நூத்தி நாப்பத்தேழு ரூபா அம்பது காசு பாக்கி இருக்குது. அத நீங்க கட்டிடுவீங்களா, இல்ல நாங்க கட்ற வரிக்கும் இவ வெளிய நிக்கணுமா?"

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "பெரியவரே, அடகுக்கடை அடுத்த தெரு" என்றது.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. உட்காரப் போனேன். அப்போது குழலி எழுந்தாள். இனி இரண்டு வருஷம் இவர்களோடுதான் அவள் இருக்க வேண்டும். நானாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

"இவர் எங்கப்பா. காஞ்சிபுரத்துல பட்டு நெய்யறார். நானும் நெய்யறேன். எங்க ஊர்ல பாக்கியோட யாரும் எடம் மாற மாட்டாங்க. அதான் கேட்டார்."

குரல் தெளிவாக இருந்தது. பதில் வரும்வரை அவள் உட்காரவில்லை.

பேராசிரியை சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நானும் உங்க பக்கம்தாங்க, வாலாஜாபாத். எங்க வயலுக்கு வர்ற ஆளுங்ககிட்டயும் இதே வழக்கம் உண்டு. பாக்கியை நாங்க கட்ட முடியாது. ஆனா உங்க முதலாளிக்கு முறையா எழுதிக் கேக்கலாம்" என்றார்.

சொன்னபடியே சாயங்காலத்துக்குள் முத்திரை வைத்த கடிதம் என் கைக்கு வந்தது. தங்களிடம் வேலை பார்த்த செல்வி ஏலவார்குழலியை விடுவித்து உதவ வேண்டும் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார். மகளை விடுதியில் விட்டுவிட்டுத் தனியாக ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலையில் முதலாளி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"சொல்லாம கூட்டிக்கினு போயிட்டியே முனுசாமி."

"தப்புதாங்க."

"யுனிவர்சிட்டி எங்கிட்ட சீட்டு கேக்குதா? அவங்களுக்கு யார் சொன்னது இதெல்லாம்?"

"நான்தான் கூட்டத்துல எழுந்து கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"பொண்ணு?"

"எழுந்து நின்னுச்சிங்க. நானும் நெய்யறேன்னு சொல்லிச்சி."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது போட்ட கோர்வையில ஒரு எழ பிசகி நான் பாத்ததில்ல" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, ஏலவார்குழலி பேரில் தமக்கு வரவேண்டியது ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என் பங்கு எவ்ளோங்க?" என்று கேட்டேன்.

கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வரியா எழுதி வெச்சிருக்கேன். பாதி வரிய எப்பிடிய்யா அடிக்கறது? போ, கரைக்கு வேற ஆள் பாரு."

பேனாவைத் திரும்ப எடுத்து, முழு வரியையும் அடித்தார்.