நடுக்காலின் குஞ்சம்

பிரேசிலின் ரியோ பிராங்கோ நகரத்தில் அந்தப் புதன்கிழமை மதியம் ஏசி மட்டும் நின்றுபோகாமல் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் கட்டுரை பத்திரிகைக்குப் போயிருக்கும். அதில் முதல் பெயர் மாயராவின் பெயர். இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு ஆர்க்கிட் தேனீக்கு அவளும் புரொபசர் ஓட்டசீலியோவும் பெயர் வைத்தவர்கள் ஆகியிருப்பார்கள்.

மாயராவுக்கு இருபத்துமூன்று வயது. காலையில் மருந்துக்கடை கவுண்ட்டர், மதியம் பல்கலைக்கழகத்துப் பூச்சி அறை, ஆறரைக்கு மேல் உயிரியல் மாலை வகுப்பு. மாலை வகுப்புக்காரர்களைப் பகல் வகுப்புக்காரர்கள் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் பார்ப்பார்கள். அவளும் தன்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். எதைச் செய்தாலும் மணி போட்டு நோட்டில் எழுதுவாள். எழுதாவிட்டால் செய்தோமா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும். அதே அறையில் வேலை பார்த்த பகல் வகுப்பு மாணவன் வெஸ்கிளே அவளை 'நோட்டம்மா' என்றுதான் கூப்பிடுவான்.

போன ஆகஸ்டில், நகரத்திலிருந்து ஐந்து மணி நேரம் தள்ளி, தோனா இவானெய்டி என்ற அம்மாளின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூங்கில் காட்டில் அந்த மூன்று தேனீக்களைப் பிடித்தது அவள்தான். மூன்றும் ஆண். தலைவலித் தைலம் போல நெடி அடிக்கும் வாசனையைப் பஞ்சில் ஊற்றித் தொங்கவிட்டால் ஆண் தேனீக்கள் அதைச் சுரண்டி எடுத்துப்போக வரும். அப்போது வலைபோட்டுப் பிடிப்பார்கள். மரகதத்தை இழைத்துச் செய்ததுபோல் பச்சைப் பசேல் என்றிருக்கும். ஆனால் அந்தப் பச்சையை நம்பி இனம் பிரிக்க முடியாது. நடுக்காலைப் பார்க்க வேண்டும். அங்கே வெல்வெட் போல ஒரு பட்டை, பட்டையின் தலைமாட்டில் மயிர்க்குஞ்சம். அந்தப் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் பழைய இனத்துக்குக் குஞ்சம் இரண்டு. இந்த மூன்றுக்கும் ஒன்றே ஒன்று.

புரொபசர் ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் பார்த்தார். பிறகு, ஒன்று என்றால் ஊனம் என்று விட்டுவிடலாம், மூன்று என்றால் அது இனம்தான் என்று முடிவுக்கு வந்தார். முதலில் பிடித்ததற்குச் சிவப்புச் சீட்டு குத்தினார்கள். இனத்துக்கே இனி அதுதான் அத்தாட்சி. யார் எங்கே சந்தேகப்பட்டாலும் இந்த ஊசியில் இருக்கும் தேனீயைத்தான் வந்து பார்க்க வேண்டும். வர்ணனையை மாயரா எழுதினாள். ஒரு இடத்தில் மட்டும் இடறியது. சிவப்புச் சீட்டுத் தேனீயின் குஞ்சம் பழுப்பு, மற்ற இரண்டின் குஞ்சமும் வெள்ளை. அவள் அதை அப்படியே எழுத, புரொபசர் 'குஞ்சம் ஒன்று. நிறம் வெள்ளை முதல் பழுப்பு வரை' என்று திருத்தினார். ஒரே இனத்துக்குள் அந்த அளவு வேறுபாடு சகஜம் என்றார்.

மாயராவின் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தெருமுனையில் அசாயிப் பழச்சாறு விற்கிறவர்கூட மாயராவைப் பார்த்தால் 'உன் ஈ எப்படி இருக்கு?' என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

புதன்கிழமை அவள் இரண்டாவது தேனீயின் காலை வரைந்துகொண்டிருந்தாள். ஏசி ஒரு செருமல் செருமி நின்றது. பதினெட்டு டிகிரியில் பழகிய அறை அரை மணி நேரத்தில் வெந்நீர் அண்டா மாதிரி ஆனது. விளக்கை அணைக்காமல் நுண்ணோக்கியில் குனிந்திருந்தவளுக்கு, அந்த வெள்ளைக் குஞ்சம் மெல்ல நனைவதுபோல் தெரிந்தது. கண்ணில் வியர்வை விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். வெள்ளை போய்ப் பளபளப்பு வந்திருந்தது. குஞ்சத்தின் நடுவில் ஒரு வகிடு விழுந்தது. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று என்று அது இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது.

அவள் நிமிரவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். கசப்பான, பழகிய வாடை. அந்திரோபா எண்ணெய்.

கொசுவுக்கு எல்லோரும் தடவுவதுதான். தெற்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் வீட்டில் அந்த எண்ணெய் பாட்டிலோடு வெள்ளையாக உறைந்துவிடும். அம்மா அதை வெயிலில் வைத்து உருக்குவாள். காட்டில், தேனீ விறைக்கும் முன் நடுக்காலை வெளியே இழுத்துவிட வேண்டும் என்று புரொபசர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் விரலாலேயே இழுத்துவிட்டாள், எண்ணெய் விரலால். ஏசிக் குளிரில் எண்ணெய் உறைந்து இரண்டு குஞ்சத்தையும் ஒட்டி ஒன்றாக்கிவிட்டது.

எட்டிப் பார்த்த வெஸ்கிளேவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாளைக்கு ஏசி ஓடுச்சுன்னா மறுபடி ஒண்ணாயிடும்ல?"

"ஆயிடும்."

"அப்ப விடு நோட்டம்மா. நீ பார்க்கலை, நானும் பார்க்கலை. யாரு வந்து உருக்கிப் பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே."

"நீ பார்த்ததை உன் நோட்டுல எழுதாத. அவ்ளோதான்."

அவன் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளுக்கு மற்ற பாதி காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் வகுப்பு தொடங்கும் முன், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஆகஸ்ட் நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது.

'8.40: முதல் தேனீ. 9.05: கொசு தாங்கவில்லை. தோனா இவானெய்டி கொடுத்த எண்ணெய் தடவினேன். 9.25: இரண்டாவது. 10.10: மூன்றாவது.'

அப்படியானால் முதல் தேனீயைத் தொட்டபோது கையில் எண்ணெய் இல்லை. சிவப்புச் சீட்டுத் தேனீ. பழுப்புக் குஞ்சம். அது மட்டும் நிஜமாகவே ஒன்றாக இருக்கலாம் என்று ஒரு நொடி ஆசை எழுந்தது. உடனே அந்த ஆசையின் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே மூன்றையும் ஒன்றாகப் பார்த்தோம்? ஊசியில் குத்தும்போது திரும்பத் தொட்டிருந்தால்? அதை எழுதாமல் விட்டிருந்தால்? அன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மருந்துக்கடையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு காலையிலேயே புரொபசரின் அறைக்குப் போனாள். நோட்டை மேசைமேல் விரித்துவைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். சாவோ பாவ்லோவில் இருக்கும் பழைய சகாக்களுக்கெல்லாம் அவர் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

"பழுப்பு, வெள்ளைன்னு நீ பிரிச்சுத்தான் எழுதின," என்றார் கடைசியில். "நான்தான் சேர்த்தேன்."

"கை என்னோடது, புரொபசர்."

"சரி. மூணையும் கழுவணும்."

எண்ணெயைக் கரைக்கும் திரவத்தில் கழுவினால் மயிர் உதிரவும் வாய்ப்பு உண்டு. உதிர்ந்தால் ஒன்றா இரண்டா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நீங்களே செய்யுங்கள் என்றாள். புரொபசர் தூரிகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ பிடிச்சது. நீயே கழுவு."

மூன்றாவது தேனீயை முதலில் எடுத்தாள். சொட்டுச் சொட்டாக விட்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால் வருடினாள். இரண்டு. அடுத்து, நேற்றுப் பார்த்த இரண்டாவது தேனீ. அதுவும் இரண்டுதான். வெஸ்கிளே வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றான். சிவப்புச் சீட்டுத் தேனீக்கு அவள் பதினைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். காய்ந்த பிறகு பார்த்தாள். மறுபடி கழுவினாள். மூன்றாம் தரமும் கழுவினாள். பழுப்புக் குஞ்சம் முன்பைவிட நன்றாக விரிந்து, ஒரே வேரிலிருந்து கிளம்பிய ஒன்றாகவே நின்றது.

யாரும் கைதட்டவில்லை. புரொபசர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றை வைத்து எழுத முடியாது என்றார். பிறவியிலேயே கால் கோணலாகப் போன ஒரு தேனீயாக இருக்கலாம். கட்டுரை மேசை டிராயருக்குள் போனது. அன்று வீட்டில் அம்மாவிடம், மழை முடிந்து மறுபடி காட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று மட்டும் சொன்னாள். தெருவுக்கு அம்மா என்ன சொன்னாளோ, அசாயிக்காரர் அதன்பிறகு ஈயைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலையில் சேற்றுப் பாதை காய்ந்ததும் மாயரா, புரொபசர், வெஸ்கிளே மூவரும் மூங்கில் காட்டுக்குக் கிளம்பினார்கள். மருந்துக்கடையில் அவளுக்குக் கிடைத்த லீவு மூன்றே நாள். தோனா இவானெய்டி வாசலிலேயே எண்ணெய் பாட்டிலோடு நின்றாள். மாயரா வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் எண்ணெய் மேல என்னடி கோபம்?"

மாயரா நடந்ததைச் சொன்னாள். இவானெய்டி சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின.

"அப்போ ஊருக்கே தெரியாத ஒரு தேனீயை என் பாட்டில்ல அடைச்சு வச்சிருந்திருக்கேன். அதுக்கு என் பேரைத்தான் வைக்கணும்."

"வைக்கலாம் தோனா. ஆனா அது பொய்த் தேனீ ஆச்சே."

"என் மாப்பிள்ளைக்குப் பொருத்தமா இருக்கும். அவன் பேரை வை."

முதல் நாள் வழக்கம்போல எட்டரைக்கு மேல் பஞ்சைக் கட்டினார்கள். வெயில் ஏறினால்தான் தேனீ வரும் என்பது புரொபசரின் முப்பது வருஷப் பழக்கம். ஐந்து வந்தன. எல்லாவற்றுக்கும் இரண்டு குஞ்சம். இரண்டாம் நாள் ஏழு. அவையும் அப்படியே. மாயராவின் புறங்கை கொசுக்கடியில் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. வெஸ்கிளே ஒவ்வொரு மணிக்கும் அதைப் பார்த்து 'இன்னும் வேகலை' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம், இவானெய்டி வறுத்த மீனும் மரவள்ளி மாவும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது, மாயரா இரண்டு வருஷத்துக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு குஞ்சத் தேனீ ஒன்றுகூட ஒன்பது மணிக்கு முன் வரவில்லை. ஒற்றைக் குஞ்சத் தேனீ வந்தது 8.40க்கு. போன ஆகஸ்டில் அன்று மட்டும் வழி எளிதாக இருந்ததால் பஞ்சைக் கால் மணி நேரம் முன்னதாகக் கட்டியிருந்தார்கள். ஒரே ஒரு தேனீயின் ஒரே ஒரு மணிக்கணக்கு. இதை எப்படிச் சொல்வது என்று மீன் ஆறும்வரை யோசித்துவிட்டு, தப்பாகவும் இருக்கலாம் என்று இரண்டு தரம் முன்னுரை சொல்லி, நாளைக்கு ஆறரைக்கே கட்டிப் பார்ப்போமா என்று கேட்டாள்.

"பனிகூட விலகியிருக்காதேம்மா அந்நேரம்," என்றார் புரொபசர். பிறகு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "முப்பது வருஷத்துல ஆறரைக்கு ஒருநாள்கூடக் கட்டிப் பார்த்ததில்லை. காபி குடிக்காம கிளம்ப மாட்டேன், அதான் காரணம். கட்டுவோம்."

மறுநாள் மூங்கில் இலையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஆறரைக்குப் பஞ்சு தொங்கியது. கொசு நேற்றைப் போல் இரண்டு மடங்கு. ஏழு மணிவரை ஒன்றும் இல்லை. ஏழரைவரை ஒன்றும் இல்லை. புரொபசர் காபிக் குடுவையைத் திறந்து, குடிக்காமல் மூடினார். பின்னால் எங்கோ ஒரு ரீங்காரம் நெருங்கி, பஞ்சைச் சுற்றி, உட்கார்ந்தது. மாயரா வலையைச் சுழற்றினாள்.

விரலால் தொடவில்லை. இடுக்கியால் நடுக்காலை விரித்து, லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

"எத்தனை?" என்றார் புரொபசர்.

"ஒண்ணு மாதிரி தெரியுது. நீங்க பாருங்க."

அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். வெஸ்கிளேயிடம் கொடுத்தார். வெஸ்கிளே பார்த்துவிட்டு, முதல் தடவையாக எந்தக் கிண்டலும் இல்லாமல், "ஒண்ணுதான் மாயரா," என்றான். அதற்குள் பஞ்சில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது. புரொபசர் தாமே வலையை எடுத்து வீசி, தேனீயைத் தவறவிட்டார். எட்டு பத்துக்கு அது திரும்பி வந்தபோது வலையை மாயராவிடம் கொடுத்துவிட்டார்.

அதற்கும் ஒன்றுதான்.

அவள் மூங்கில் தட்டைமேல் நோட்டை வைத்து எழுதினாள். வீங்கிய விரலுக்குள் பென்சில் சரியாக நிற்கவில்லை. '7.48: ஒன்று. 8.10: இன்னொன்று. இரண்டுக்கும் குஞ்சம் ஒன்று, பழுப்பு. மூன்று பேரும் பார்த்தோம்.' எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது. கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'கையில் எதுவும் தடவவில்லை.'