இருபத்தாறு பல்

ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஆறு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் என்ன காரணம் இருக்கும்? நிலத்தகராறா, சம்பந்தம் முறிந்ததா, கோயில் கமிட்டியா? ஒரு மண்ணும் இல்லை. ஒரு ஓட்டை. மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

அந்த ஓட்டைக்குப் பொறுப்பாளி உலு திராம் என்ற ஊரில் பல் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கண்ணப்பன். அவரும் நண்பர் லூயிஸும் பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் ரிமோட் டிரக் ஓட்டுகிறவர்கள். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இருவருக்கும் சுருக்கென்று கோபம் வரும். முழங்கை நீள வண்டி. முள் முள்ளாய் டயர். நாலு சக்கரத்துக்கும் குலுக்கலைத் தாங்க எண்ணெய் ஊற்றிய ஷாக். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தன் நிலத்தில் மூர்த்தி என்பவர் செம்மண்ணைக் கொட்டி, மேடும் வளைவுமாக ஒரு ட்ராக் போட்டு வைத்திருக்கிறார். அங்கேதான் இந்தக் கூத்தெல்லாம்.

லூயிஸுக்கு ஓட்டுகிற கை. வாரமெல்லாம் இருட்டோடு எழுந்து மோட்டோவில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டைத் தொட்டால் வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் அதைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்யப் பொறுமை கிடையாது. கண்ணப்பன் நேர் எதிர். எந்த ஸ்பிரிங், எத்தனை பல் சக்கரம், எந்த எண்ணெய் என்று அரைநாள் உட்கார்ந்து பார்ப்பார். ஓட்டச் சொன்னால்தான் வம்பு. நோயாளி வாய்க்குள் நடுங்காத கை, ரிமோட்டைப் பிடித்ததும் நடுங்க ஆரம்பித்துவிடும்.

ஆறு வாரத்துக்கு முன் இங்கே ஒரு கோப்பைப் பந்தயத்தின் இறுதிச் சுற்று. லூயிஸ் தே ஓ ஐஸ், அதுதான் பாலில்லாத ஐஸ் டீ, கட்டி வாங்கித் தபாவ் பண்ணப் போன ஐந்து நிமிடத்தில் கண்ணப்பனுக்குக் கை அரித்தது. லூயிஸ் வண்டியின் பின்பக்க ஷாக்கைக் கழற்றி, அதை மாட்டும் ஓட்டை வரிசையில் ஒரே ஒரு ஓட்டை உள்ளே தள்ளி மாட்டினார். பின்பக்கம் கொஞ்சம் மிருதுவாகும், பள்ளத்தில் துள்ளாது என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஓட்டுகிறவனிடம் சொல்ல வேண்டாமா? லூயிஸ் வழக்கம்போல் கடைசி வளைவில் முழு வேகத்தில் திருப்ப, வண்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மூன்று குட்டிக்கரணம் போட்டது. கைக்கு வந்த கோப்பை பத்து பாகாட் ஊர்க்காரர்களுக்குப் போனது.

ட்ராக்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவன் வண்டியைக் கேட்காமல் தொடக்கூடாது.

"என் வண்டில ஏன்டா கை வச்ச?" என்றார் லூயிஸ்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கண்ணப்பன் என்ன சொன்னார் தெரியுமா? "வண்டி கரெக்டாத்தான் இருந்துச்சு. உனக்குத்தான் ஓட்டத் தெரியல."

அன்றோடு பேச்சு நின்றது.

வீட்டுக்காரிகளுக்கு இந்தச் சண்டை ஒரு பொருட்டே இல்லை. லூயிஸ் மனைவி டொரத்தி கோழிப் பிரட்டல் அனுப்பினாள். கண்ணப்பன் மனைவி நாச்சியம்மை கந்தரப்பம் அனுப்பினாள். தூக்குச்சட்டி மட்டும் இரண்டு வீட்டுக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தது.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்க சொத்து குறைஞ்சிடுமா?" என்று நாச்சியம்மை அந்த ஞாயிறு காலைப் பசியாறும்போது கேட்டாள்.

"தப்பு என்னோடது இல்ல. அந்த ஓட்டைதான் சரி."

"ஓட்டையைக் கட்டிக்கிட்டு அழுங்க. அடுத்த வாரம் அதுவா உங்ககூட பத்து பாகாட் வரப்போவுது?"

கண்ணப்பன் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். அடுத்த வாரம் பத்து பாகாட்டில் ஜோடிப் பந்தயம். ஒருவர் ஓட்ட, ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாக லூயிஸ், கண்ணப்பன் என்றுதான் பெயர் போகும். இந்த வருடம் பெயர் கொடுக்கக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. திருச்செல்வம் என்று ஒரு ஆள் லூயிஸையே சுற்றிச் சுற்றி வருவதாகக் காதில் விழுந்திருந்தது. திருச்செல்வத்துக்கு ஸ்பிரிங்கின் நிறம்கூடத் தெரியாது! கண்ணப்பனுக்கு அதை நினைத்தாலே வயிறு எரிந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்தான். ஆனால் முதலில் வாயைத் திறப்பது யார்? வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிற மனுஷன், தன் வாயைத் திறக்க ஆறு வாரமாக முக்கினார்.

மாலை நாலு மணிக்கு ட்ராக்கில் மூர்த்தியின் மேசையைத் தற்செயலாகப் போவதுபோல் கடந்தார். படிவத்தில் லூயிஸ் பெயர் இருந்தது. பக்கத்துக் கட்டம் காலி. அப்பாடா என்று இருந்தது. கூடவே, இன்னும் ஒரு மணி நேரத்தில் யார் பெயரும் அதில் ஏறலாமே என்றும் இருந்தது.

கண்ணப்பன் தன் பந்தயத்தை ஓட்டினார். ஏழு பேரில் ஆறாவது. அதை விடுங்கள். ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கு ட்ராக் ஓரம் நிற்க வேண்டும், கவிழ்கிற வண்டிகளைத் தூக்கி நிமிர்த்திவிட வேண்டும். இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். நிமிர்த்தலாம், அவ்வளவுதான், வேறு எதையும் தொடக்கூடாது. ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு நாலாம் வளைவில் போய் நின்றார். அடுத்த பந்தயத்தில் ஓட்டுகிறவர்களில் ஒருவர் லூயிஸ்.

மூர்த்தி மைக்கில் எண்ணினார். வண்டிகள் பாய்ந்தன.

இரண்டே சுற்றில் கண்ணப்பனின் காது விடைத்தது. லூயிஸ் வண்டியின் சத்தம் சரியில்லை. வளைவிலிருந்து கிளம்பும்போது முக்கியது. நேரான இடத்தில் மட்டும் வீலென்று கத்திக்கொண்டு பறந்தது. மோட்டார் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரத்தில் பல் அதிகம்! நீளமான ட்ராக்கில் அது சரி. இங்கே பத்தடிக்கு ஒரு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மோட்டார் திணறித் திணறிச் சூடேறும், அப்புறம் கருகிச் சாகும். இந்த ட்ராக்குக்கு இருபத்தொரு பல் என்று முடிவு பண்ணிக் கொடுத்ததே கண்ணப்பன்தான். எந்த மடையன் மாற்றினான்? திருச்செல்வமா?

'நமக்கென்ன' என்று சொல்லிக்கொண்டார். மூன்றாம் சுற்றில் கையைப் பிசைந்தார். நாலாம் சுற்றில் உதட்டைக் கடித்தார். ஐந்தாம் சுற்றில் லூயிஸ் வண்டி மேட்டிலிருந்து குறுக்காக இறங்கி, அவர் காலடியிலேயே மல்லாந்தது.

ஓடிப்போய்த் தூக்கினார். அடியிலிருந்து அனல் அடித்தது. கருகின வார்னிஷ் வாடை. பக்கவாட்டில் பார்த்தார், சக்கரம் தட்டுபோல அகலமாக இருந்தது.

நிமிர்த்தி வைக்க வேண்டும். வைத்தால் இன்னும் ஒரு சுற்று, மோட்டார் காலி. வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், கீழ வைங்க லா!" என்று ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடைமேலிருந்து யாரோ கத்தினார்கள்.

மேடையில் லூயிஸ் ரிமோட்டோடு நின்றார். கத்தவில்லை. கண்ணப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான், ஆறு வாரத்து வைராக்கியம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"டேய் லூயிஸ்! எத்தனை பல்லுடா போட்டிருக்க?"

ட்ராக்கே சிரித்தது. "கிளினிக் நம்பர் எடுத்தாச்சா லூயிஸ்?" என்றார் மூர்த்தி மைக்கிலேயே.

"இருபத்தாறு!" என்றார் லூயிஸ்.

"அலமாக்! பைத்தியமா உனக்கு? தொட முடியல, கொதிக்குது! இன்னும் ஒரு சுத்துல எரிஞ்சிடும்டா!"

"என் வண்டி. எரிஞ்சா எரியட்டும்."

கண்ணப்பனின் கட்டைவிரல் வண்டியின் சுவிட்சுமேல் இருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், மோட்டார் பிழைக்கும். விரல் அரித்தது. ஆனால் ஆறு வாரத்துக்கு முன் அரித்த அதே விரல்தான் அது. மற்ற வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு சீறிப் போயின.

மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

"லூயிஸ்… நான் ஆஃப் பண்ணட்டுமா?"

லூயிஸ் ரிமோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பாவி மனுஷன், நன்றாகக் காக்க வைத்தார்.

"இப்ப கேட்டியே," என்றார் கடைசியில். "பண்ணு."

கண்ணப்பன் சுவிட்சைத் தள்ளினார்.

பந்தயம் முடிந்ததும் வண்டியைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு லூயிஸின் மேசைக்கு வந்தார். அவர் வாய் மட்டும் ஓயவில்லை. "யார்டா இருபத்தாறு போடச் சொன்னது? அந்தத் திருச்செல்வமா? உன் மூளை எங்கடா போச்சு? இருபத்தொண்ணைத் தொலைச்சிட்டியா? தொலைச்சிருந்தா என்கிட்ட…"

பேச்சு பாதியில் நின்றது. மேசைமேல் ஒரு டிஷ்யூவை விரித்து, அதன் நடுவில் இருபத்தொரு பல் சக்கரம் வைத்திருந்தது. துடைத்துச் சுத்தமாக. பக்கத்தில் அதைக் கழற்றி மாட்டுகிற சாவி.

கண்ணப்பன் அதைப் பார்த்தார். லூயிஸைப் பார்த்தார்.

"காலைலதான் கழட்டினேன்," என்றார் லூயிஸ், ரிமோட்டின் ஏரியலைத் துடைப்பதுபோல எங்கோ பார்த்துக்கொண்டு. "டொரத்தி ஆறு வாரமா அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிறா, நீ பேசணும்னு. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பல்லை மாத்திட்டேன்."

"மோட்டார் போயிருந்தா?"

"போனா போவுது. மோட்டார் கடையில கிடைக்கும்."

கண்ணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்று பெய்த மழையில் ட்ராக்கில் புழுதியே இல்லை.

"அன்னைக்கு உன் வண்டியைத் தொட்டது தப்புதான்டா," என்றார்.

"ஓட்டத் தெரியலன்னு சொன்னியே?"

"அதுவும் தப்பு."

"அந்த ஓட்டை?"

கண்ணப்பன் வாயை இறுக்கினார். எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு அல்லவா? "ஓட்டை சரிதான்," என்றார்.

லூயிஸ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூர்த்தியின் மேசைக் கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"உன் பேரை எழுதட்டுமா?" என்றார். "கேட்டுட்டுத்தான் எழுதறேன்."