ஒன்பதும் முப்பத்தொன்றும்

ஒலிப்பதிவுக் கருவி வாங்க அக்கா தம்பியைக் கூட்டிப்போனதில் தப்பே இல்லை. தம்பி எலக்ட்ரீஷியன். ஒயரும் பேட்டரியும் உள்ள எதிலும் அவன் பேச்சுத்தான் அவளுக்கு முடிவு. ஆனால் அன்று அவனுக்கு வேறு கவலை.

எரிகற்கள் பொழியும் இரவுகளில் இருவரும் அவரவர் வீட்டு மொட்டை மாடியில் படுத்து எண்ணுவார்கள். குனிந்து எழுதுவதற்குள் நாலு தவறிவிடும். வாயால் சொன்னால் கருவி பதிந்துகொள்ளும், கண் வானத்திலேயே இருக்கும். அதற்காக ஆளுக்கொன்று வாங்க வந்திருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று, பேச்சுச் சத்தம் கேட்டால் மட்டும் ஓடும். மற்றது நிற்காமல் ஓடும்.

"பேசினா ஓடுறதே போதும். பேட்டரி மிச்சம்," என்று முந்திக்கொண்டான் தம்பி.

"எரிகல்லுக்கு அது சரிப்படாதுங்க. நடுவுல நின்னு நின்னு ஓடினா, எது எத்தனை மணிக்குத் தெரிஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்றார் கடைக்காரர்.

நிற்காமல் ஓடினால் ஆள் இல்லாத நேரமும் பதியுமே! போன தடவை தம்பியார் ஒரு மணி நேரம் கீழே போய்ச் சுகமாகத் தூங்கிவிட்டு, விழித்ததும் அந்த நேரத்துக்கு முப்பத்தொன்று என்று கூசாமல் எழுதிவைத்திருந்தார்.

"நிக்காம ஓடுறதே இருக்கட்டும்டா," என்றாள் அக்கா. "குனிஞ்சு எழுதினதால விட்டுட்டேனா, இல்ல நிஜமாவே கண்ணு போயிடுச்சான்னு எனக்குத் தெரியணும். அதே வானம், அதே ஒரு மணி நேரம். நீ முப்பத்தொண்ணு, நான் ஒம்பது. அதுலேருந்து ஊசியில நூல் கோக்கவே பயமா இருக்கு. ஆறு மாசமா எம்பிராய்டரி வேலையெல்லாம் வேற ஆளுக்குத்தான் அனுப்புறேன்."

அக்கா தையல்காரி. எம்பிராய்டரிதான் அவளுக்குச் சோறு போட்டது.

தம்பிக்கு முகம் எரிந்தது. இந்தத் தடவை எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நொடி புத்தி போனது. அப்படிப் போனதே என்று இன்னும் கூசிப்போனான்.

"அக்கா, அந்த ஒரு மணி நேரம் நான் கீழ போய்த் தூங்கிட்டேன். முப்பத்தொண்ணு நானா எழுதினது."

கடைக்காரர் அவசரமாக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆறு மாசம்டா," என்றாள் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அவள் கடைக்காரரைக் கூப்பிட்டாள். "நிக்காம ஓடுறதுல ஒண்ணு குடுங்க."

"ரெண்டுன்னு சொன்னீங்களே?"

"ஒண்ணு போதும். நான் மட்டுந்தான் எண்ணப்போறேன்."