பாதியில் நின்ற பதில்

எட்டு நாற்பதுக்குத் துஷாந்தியைக் கூப்பிட்டார்கள்.

யப்பானில் முதியோர் இல்லமொன்றில் வேலை. நேர்முகம் உட்துறைமுக வீதியில் ஒரு விடுதியில் நடந்தது. மேசைக்குப் பின்னால் யப்பானியப் பெண்மணி ஒருவர். பக்கத்தில் முகவர் நிலையத்துச் சுலோஜனா.

ஐந்து மாதமாக வீட்டில் பயிற்சி. கணவன் பிரகலாதன் கிழவனாகக் கட்டிலில் படுப்பான். அவள் யப்பானிய மொழியில் கதைத்து அவனை எழுப்புவாள், இருத்துவாள், கால் துடைப்பாள்.

"நேர்ஸம்மா, கிழவனுக்குப் பசிக்குது. றால் பொரிச்சுத் தாங்கோ."

"யப்பான் கிழவன் தமிழ் கதைக்கிறதில்லை. வாயை மூடுங்கோ."

சிரித்துக்கொண்டே பிழை விடுவாள். சிரித்துக்கொண்டே திருத்துவாள். மொழி வகுப்பில் அப்படியில்லை. யாராவது வாயைப் பார்த்தால் சொல் தடுமாறும். பயமா என்று கேட்டுவிட்டால் அதுவும் நின்றுவிடும். இதை அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இன்று வணக்கம் வந்தது. பெயர் வந்தது. ஊர் வந்தது. பெண்மணி தலையாட்டினார். ஏன் இந்த வேலை என்று கேட்டார். துஷாந்தி பதிலில் பாதி சொல்லியிருந்தாள்.

"பயப்பிடாதேயுங்கோ தங்கச்சி," என்றாள் சுலோஜனா. "உங்கட மனுசன் காலமை எனக்குக் கோல் எடுத்துக் கதைச்சவர். நீங்கள் பயந்திடுவியளாம். பயமோ எண்டு இடைக்கிடை கேக்கச் சொன்னவர்."

துஷாந்தி நிமிர்ந்தாள். பெண்மணி அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கேள்வியை மெதுவாகத் திரும்பக் கேட்டார். கேள்வி விளங்கியது. பதிலும் தெரியும். நாக்கு அசையவில்லை.

"பயமோ?" என்றாள் சுலோஜனா, அன்பாக.

பெண்மணி பேனையை மூடினார்.

வெளியே பிரகலாதன் மோட்டார் சைக்கிளில் இருந்து மூதூர்ப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி நேர்ஸம்மா? யப்பானோ, வீடோ?"

"வீடு."

"சரி விடும். அங்க குளிர். உமக்கு ஒத்துவராது." அவன் ஹெல்மெற்றை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "கோல் எடுத்தனீங்களாம்."

"உமக்கு உதவியா இருக்கட்டும் எண்டுதான்."

"பயமோ எண்டு கேட்டா எனக்குக் கதைக்க ஏலாது. அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அவன் சாவியைத் திருகினான். அவள் கை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

"போகாதேயும் எண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் போச்சோ உங்களுக்கு?"