சகலை மீன் பிடிக்கும் இடம்

என் சகலைக்குக் கடலில் ஓர் இடம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பது அவரைத் தவிர எவருக்கும் தெரியாது. சனிக்கிழமைகளில் அவர் அங்கே போய், மடியில் வைத்தால் கைக்குழந்தையைப் போலக் கனக்கும் ஒரு களவா மீனுடன் திரும்பி வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே படகில் அதே கடலுக்கு நானும் போவேன். உள்ளங்கையைக்கூட நிரப்பாத சில கிளிமீன்களுடன் திரும்புவேன்.

படகு எங்கள் மாமனாருடையது. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவரை மணந்தவர் சகலை. இளையவரை மணந்தவன் நான். சகலை குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனையும் நானே செய்கிறேன். மாமனார் சனிக்கிழமையைப் பெரிய மாப்பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமையைச் சின்ன மாப்பிள்ளைக்கும் ஒதுக்கியிருந்தார். அத்துடன் ஒரு நியதியும் வகுத்திருந்தார். அவரவர் கண்டுபிடித்த இடம் அவரவருக்கே சொந்தம். அதைக் கேட்பதில் தவறில்லை, சொல்லாமல் இருப்பதிலும் தவறில்லை. உடன் போனவர் மட்டும் வெளியே மூச்சு விடக் கூடாது.

சகலை ஒரு கையில் மீனையும் மறு கையில் கைபேசியையும் பிடித்துக்கொண்டு தம்மைத் தாமே படம் எடுத்து, படகிலிருந்தே குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிடுவார். "மிக்க மகிழ்ச்சி" என்று முதலில் பதில் அனுப்புபவன் நான்தான். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆயினும், அவருடைய தூண்டில் நரம்பு ஒரு முறையாவது அறுந்துபோகலாகாதா என்று நான் எண்ணியதுண்டு என்பதைப் பணிவுடன் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மேசை நடுவில் சகலையின் களவா குழம்பாக இருந்தது. நான் அன்று கொண்டுவந்த கிளிமீன்கள் சமையலறையில், பூனைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன.

"டாக்டர் அடுத்த மாசம் முழங்கால் மூட்டை மாத்திடலாம்னு சொல்லிட்டாரு" என்றார் மாமனார். "அப்புறம் ரொம்ப நாளைக்குப் படகுல கால் வைக்க முடியாது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கடலுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அனைவருடைய முகமும் சகலையின் பக்கம் திரும்பியது. மூத்த மகள், "அதுக்கென்னப்பா, இவரு கூட்டிட்டுப் போவாரு" என்றார். சகலை மீன்முள்ளை ஓரமாக வைத்துவிட்டு, பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"என்னோட வாங்க மாமா" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது.

என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குங்க, அப்பாவுக்குக் கிளிமீன் காட்டவா?"

மேசை முழுவதும் சிரித்தது. சகலைதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. "சரி மாப்பிள்ளை. வர்ற ஞாயித்துக்கிழமை" என்றார்.

கை கழுவும் இடத்தில் சகலையிடம் மிகுந்த மரியாதையுடன் கேட்டேன். "சகலை, தப்பா நினைக்காதீங்க. மாமாவோட ஆசைக்காகத்தான் கேக்கறேன். நீங்க எங்கே போறீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டை என் தோளில் போட்டார். "கடலுக்குத்தான் சகலை."

அன்று முதல் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அவருடைய பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீனைப் பார்க்கவில்லை, அதைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அவருடைய பற்களைப் பார்த்தாலும் அப்படித்தான். ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு, பின்னால் தெரிந்த கரையைப் பார்த்தேன். அங்கேதான் விடை இருந்தது.

எங்கள் கரையோரத்தில் பவளப்பாறை நீளமாக ஒரு மதிலைப் போல ஓடுகிறது. அதில் படகுகள் போய்வர ஓர் இடைவெளி உண்டு. கலங்கரை விளக்கமும் அதற்குப் பின்னால் தொலைவில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கோட்டில் தெரிந்தால் நாம் அந்த இடைவெளியில் இருக்கிறோம் என்று பொருள். படகு வடக்கே நகர்ந்தால் கலங்கரை விளக்கம் தொட்டிக்கு இடப்பக்கம் விலகும்; தெற்கே நகர்ந்தால் வலப்பக்கம் விலகும். சகலையின் எல்லாப் படங்களிலும் அது தொட்டிக்கு இடப்பக்கத்தில், ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி நின்றது. ஆக, அவருடைய இடம் இடைவெளிக்கு வடக்கே, பாறை முடிந்து தண்ணீர் கறுக்கும் விளிம்பில் இருந்தது. திருடியதைப் போன்ற ஒரு மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

ஞாயிறு காலை மாமனாரைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றி, மெத்தை போட்ட முக்காலியில் உட்கார வைத்தேன். இடைவெளியைக் கடந்து வடக்கே திரும்பினேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் கரையை அளந்தேன்.

"யாருக்குக் கண் டெஸ்ட் பண்றீங்க?" என்றார் மாமனார்.

"இங்கேதான் மாமா."

"நங்கூரத்தைப் பாறை மேல போட்டுடாதீங்க. மாட்டிக்கிட்டா நாம இங்கேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

நீரோட்டத்துக்கு மேல்புறம் வெளுப்பாகத் தெரிந்த மணல் திட்டில் நங்கூரத்தை இறக்கிக் கயிற்றை விட்டேன். படகு மெல்லப் பின்வாங்கி, விளிம்புக்கு நேர் மேலே வந்து நின்றது. ஒரு பக்கம் தண்ணீர் பச்சையாக, அடியிலுள்ள பவளம் தெரியும்படி இருந்தது. மறு பக்கம் ஒன்றும் தெரியவில்லை. தூண்டில்களைப் போட்டோம்.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாமனார் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சகலைக்குத் தெரிந்த மீன்கள் என்னைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டன என்றுகூடத் தோன்றியது. இந்நேரம் அவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, என் கிளிமீனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

திடீரென்று மாமனாரின் தூண்டில் தண்ணீரை முத்தமிடுவதைப் போல வளைந்தது. அவர் தொப்பியை உதறிவிட்டு எழப் பார்த்தார். நான் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைப் புடிக்காதீங்க மாப்பிள்ளை, நங்கூரத்தை எடுங்க! கயித்துல சுத்திக்கும்!"

"உங்களை விட்டா விழுந்துடுவீங்க மாமா!"

"விழுந்தா மீனைப் புடிச்சுக்கிட்டே ஏறுவேன்!"

மீன் பாறையை நோக்கி ஓடியது, அவர் விடவில்லை. இறுதியில் வெள்ளித் தகடு போன்ற ஒரு பெரிய பாரை மீன் படகுக்குள் வந்து விழுந்து, என் முழங்காலில் வாலால் அறைந்தது. சகலை இதுவரை இப்படி ஒன்றைக் கொண்டுவந்ததில்லை. மாமனார் வலிக்கும் மூட்டைத் தேய்த்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இந்த இடத்தை யாரு சொன்னது?"

"நானே கண்டுபிடிச்சேன் மாமா."

"கெட்டிக்காரர்தான் நீங்க."

அவர் என்னை அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. ஆனால் அந்தச் சொல் இனிப்பதற்குள் கசந்துவிட்டது. இடம் சகலையுடையது, எனவே பாராட்டும் சகலையுடையதே. பொய் சொல்லிப் பெற்ற ஒரு சொல்லில்கூட அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மாமனாரையும் மீனையும் படம் எடுத்து, பின்னால் கரை தெரியாதவாறு வெட்டி, குழுவுக்கு அனுப்பினேன். எல்லோரும் பதில் அனுப்பினார்கள். சகலை மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை.

மறுநாள் மாலை அவரே கடைக்கு வந்தார்.

"கண் கொஞ்சம் மங்கலா இருக்கு சகலை. பாருங்களேன்."

என் பரிசோதனை அறை நீளம் குறைந்தது. ஆகவே எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அதில் எழுத்துகள் இடவலம் மாற்றி அச்சிடப்பட்டிருக்கும். எதிர்ச்சுவரில் உள்ள நிலைக்கண்ணாடியில் பார்த்தால் அவை நேராகத் தெரியும். சகலையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"மேல் வரிசையைப் படிங்க."

"அதெல்லாம் தெரியுது. மாமா எங்கே பிடிச்சாரு?"

"வலது கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க."

"பாரை மீன் சகலை! எனக்கு இதுவரைக்கும் ஒரு பாரைகூட மாட்டினதில்லை. மாமாகிட்ட கேட்டா, சின்னவரையே கேளுங்கன்னுட்டாரு. எங்கே?"

"கடல்லதான்" என்றேன். அதைச் சொல்லும் நாளுக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "உங்களுக்கென்ன சகலை. மாமா தினமும் சாயங்காலம் உங்க கடையிலதான் வந்து பேப்பர் படிக்கிறாரு. என் கடை வழியாத்தான் வர்றாரு, ஒரு நாள் உள்ளே வந்ததில்லை. நான் மீனைக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் என்கிட்ட நாலு வார்த்தை பேசறாரு. கடைசியா ஒரு தடவை கடலுக்குப் போறதுன்னாலும் உங்களோடத்தான் போறாரு."

என்மேல் பொறாமைப்பட இவ்வுலகில் ஒருவர் இருக்கிறார் என்பது புதிய செய்தி. கூச்சத்துடன் கண்ணாடியை ஏறிட்டேன். அதில் சகலை தெரிந்தார். பற்கள் தெரியாவிட்டாலும், படங்களில் இருந்த அதே சகலை. அவருடைய சட்டைப் பை மார்பின் வலப்பக்கத்தில் இருந்தது.

சட்டைப் பை எவருக்கும் இடப்பக்கத்தில்தான் இருக்கும். குனிந்து அவரையே பார்த்தேன், இடப்பக்கத்தில்தான் இருந்தது. கைபேசியை எடுத்துப் படத்தைப் பார்த்தேன், வலப்பக்கம். அவருடைய கைபேசி, அவர் தம்மைத் தாமே எடுக்கும் படத்தைக் கண்ணாடியைப் போல இடவலம் மாற்றி வைத்திருக்கிறது. நாள் முழுவதும் கண்ணாடிக்கு எதிரே நிற்பவன் நான். அவருடைய கரையை எத்தனையோ முறை அளந்தேன், அவருடைய சட்டையை ஒரு முறையும் பார்க்கவில்லை.

"சகலை, உங்க இடம் இடைவெளிக்குத் தெற்கேயா?"

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "யாரு சொன்னது?"

இனி மறைப்பதற்கு மனம் வரவில்லை. கைபேசியை நிலைக்கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். "கண்ணாடிக்குள்ள பாருங்க. கலங்கரை விளக்கம் தொட்டிக்கு வலப்பக்கம் நிக்குது. இதுதான் உங்க இடம். இப்போ என் கையில இருக்கற போனைப் பாருங்க. இடப்பக்கம். இங்கேதான் மாமா பாரையைப் பிடிச்சாரு."

சகலை கண்ணாடியையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அறை அதிரும்படி சிரித்தார். "என் இடத்தைத் திருடப் போயி, வேற இடத்துக்குப் போயிட்டீங்களா? கண் டாக்டரே, முதல்ல உங்களுக்குக் கண்ணாடி போடுங்க!"

நானும் சிரித்தேன். என் பொய் என்னை அறியாமலேயே உண்மையாகிவிட்டிருந்தது. அந்த இடத்தை மெய்யாகவே நானே கண்டுபிடித்திருக்கிறேன்! கெட்டிக்காரர் என்ற சொல் அப்போதுதான் முதன்முறையாக இனித்தது.

அந்த இனிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. வாசலில் மாமனாரின் கைத்தடி சத்தம் கேட்டது. வழக்கம்போலப் பேப்பரைத் தேடியபடி உள்ளே வந்தவர், "என்ன, ரெண்டு மாப்பிள்ளைங்களும் ஒண்ணா சிரிக்கிறீங்க? நான் கனவு காணறேனா?" என்றார்.

"மாமா, அந்தப் பாரை இடம் என் போட்டோவிலேருந்து வந்தது" என்றார் சகலை, நான் தடுப்பதற்குள். முழுக் கதையையும் கைகளை ஆட்டிச் சொன்னார். என் கட்டைவிரல் அளவையும் நடித்துக் காட்டினார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "நானே கண்டுபிடிச்சேன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை?"

"அது... ஒரு வகையில உண்மைதான் மாமா."

"அப்போ பெரிய மாப்பிள்ளைக்கும் அந்த மீன்ல பங்கு இருக்கு." அவர் பேப்பரை எடுத்து, சகலை எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டைத் தடவிக்கொண்டார். "கால் சரியானதும் ரெண்டு பேரோடயும் வர்றேன். சனிக்கிழமை தெற்கே, ஞாயித்துக்கிழமை வடக்கே."

சகலையின் முகம் விளக்குப் போட்டதைப் போல மலர்ந்தது. "மிக்க மகிழ்ச்சி மாமா" என்று நானும் மனமாரச் சொன்னேன். சனிக்கிழமைதான் முதலில் வருகிறது என்பதை நான் கவனிக்காமல் இல்லை.